பட்டறைக்குத் தக்க வெளிச்சம்: கொங்கு வட்டார வீட்டுத் தொழிற்கூடங்களை முன்வைத்து ஓர் உரை

உடுமலைப்பேட்டையிலிருந்து பல்லடம், பொள்ளாச்சி, தாராபுரம் நோக்கிச் செல்லும் சாலைகளின் இருபுறத்திலும், ஊருக்குள்ளும் தோட்டத்துச் சாளைகளின் ஓரத்திலும், வீட்டோடு சேர்த்து எழுப்பப்பட்ட ஷெட்டுகள் நிறைந்திருக்கின்றன. ஒன்றில் விசைத்தறி ஓடுகிறது. ஒன்றில் லேத்தும் டிரில்லிங் மெஷினும் நிற்கின்றன. இன்னொன்றில் ஆழ்குழாய் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறார்கள். மற்றொன்றில் தச்சு வேலை நடக்கிறது. இந்த ஷெட்டுகளுக்கு ஓர் இயந்திரம் வாங்குவதென்றால், கோவைக்கு நான்கு முறை நடந்து, விலை விசாரித்து, ஓட்டிப் பார்த்து வாங்கும் உரிமையாளர்கள், விளக்கு என்று வரும்போது கூரையின் நடுவில் இரண்டு டியூப்லைட்டை மாட்டச் சொல்லிவிட்டு அதோடு அந்த வேலை முடிந்ததாகக் கருதிவிடுவது பொதுவான வழக்கமாக இருக்கிறது. வெளிச்சமும் ஒரு கருவியே என்பதும், அதைத் தேர்ந்தெடுக்கும் ஆராய்ச்சி கூரையிலிருந்து தொடங்காமல் வேலை செய்பவரின் கையிலிருந்தும் கண்ணிலிருந்தும் தொடங்க வேண்டும் என்பதும் இவ்வுரை நிறுவ முற்படும் கருத்தாகும்.

இக்கருத்துக்கு அவசரம் தரும் காரணம் ஒன்று உண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில், தொழிலாளர் வேலை செய்யும் இடத்திலும் நடமாடும் இடத்திலும் போதுமான, பொருத்தமான வெளிச்சம் இருக்க வேண்டும் என்றும், சன்னல் கண்ணாடிகளும் கூரைக் கண்ணாடிகளும் உள்ளும் புறமும் துடைக்கப்பட வேண்டும் என்றும், கண் கூசுவதும் கண்ணை வருத்தும் நிழல் விழுவதும் தவிர்க்கப்பட வேண்டும் என்றும் விதித்தது. ஆனால் மின்விசையால் இயங்கும் இடத்தில் பத்துப் பேரேனும் வேலை செய்தால்தான் அது அச்சட்டத்தின் பொருளில் தொழிற்சாலையாகக் கொள்ளப்பட்டது. கணவனும் மனைவியும் மகனுமாக மாறி மாறி நிற்கும் தறி ஷெட்டும், ஒருவரே முதலாளியும் தொழிலாளியுமாக இருக்கும் லேத் பட்டறையும் அந்த வரம்புக்குள் வரவில்லை. அவ்விடங்களில் எந்த ஆய்வாளரும் வந்து விளக்கைப் பார்ப்பதில்லை என்பதால், உரிமையாளருடைய அறிவு ஒன்றே அங்கே காப்பாக நிற்க வேண்டியிருக்கிறது.

1. அளவைகள்

வெளிச்சத்தைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் இரண்டு அளவைகளைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஒரு விளக்கு எல்லாத் திசைகளிலுமாக வெளியிடும் மொத்த ஒளியின் அளவு லூமென் எனப்படுகிறது. அந்த ஒளியில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது எத்தனை லூமென் வந்து விழுகிறதோ அது லக்ஸ் எனப்படுகிறது. கடையில் வாங்குவது லூமென். கைக்குக் கிடைப்பது லக்ஸ். அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவே என்பதால், வெளிச்சத்தைத் தீர்மானிக்க அதைக்கொண்டு கணக்கிடுவது பிழையாகிவிடும். ஒரு வாட் மின்சாரத்துக்குப் பழைய குண்டு பல்பு ஏறத்தாழ 12 லூமெனும், இன்றைய தரமான எல்.இ.டி. 100 லூமெனோ அதற்கு மேலோ தருகின்றன.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் உள்ளரங்க ஒளியமைப்புக்கென வெளியிட்டுள்ள ஐ.எஸ். 3646 என்னும் தரநூல், வேலையின் நுணுக்கத்தைப் பொறுத்து வெளிச்சத்தைப் படிப்படியாக வகுக்கிறது. இயந்திரப் பட்டறையில் கரடுமுரடான வேலைக்கு ஏறத்தாழ 300 லக்ஸ், நடுத்தர வேலைக்கு 500 லக்ஸ், நுண்ணிய வேலைக்கு 750 லக்ஸ் என்ற வரிசையில் அந்த வகைப்பாடு அமைகிறது. கம்பியை அறுப்பதும் பலகையை இழைப்பதும் முதல் படியில் அடங்கும்; வெர்னியர் காலிப்பரின் கோடுகளை ஒத்துப் பார்ப்பதும், மோட்டாரின் ஸ்டேட்டர் பள்ளத்துக்குள் மயிரளவு செம்புக் கம்பியை இறக்குவதும் இறுதிப் படியில் அடங்கும்.

இந்த எண்கள் பொதுவாக நல்ல பார்வையுடையவரை மனத்தில் கொண்டவை. வயது ஏற ஏறக் கண்ணின் மணி சுருங்கி, வில்லை மங்குவதால், அறுபது வயதானவரின் விழித்திரையை எட்டும் ஒளி இருபது வயதினரை எட்டும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். முப்பது ஆண்டுகளாக அதே தறியில், அதே டியூப்லைட்டின் கீழ் நின்ற ஒருவர், அறுந்த இழை முன்போல் கண்ணில் படவில்லை என்று சொன்னால், கண்ணாடிக் கடைக்குப் போவதோடு விளக்கையும் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று கொள்ள வேண்டும்.

2. முதல் விளக்கு சூரியன்

உடுமலைப்பேட்டை ஏறத்தாழ வடக்கு 10.6 பாகையில் இருக்கிறது. தெளிந்த நண்பகலில் வெட்டவெளித் தரையில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் விழுகிறது; கனத்த மேகம் கவிந்த ஆடி மாதப் பகலிலும் அது 10,000 லக்ஸை ஒட்டி இருக்கக்கூடும். பகலில் வேலை நடக்கும் ஷெட்டில் விளக்கெரிப்பது எவ்வளவு தேவையற்ற செலவு என்பதை இந்த இரண்டு எண்களே காட்டிவிடும்.

ஆனால் சூரிய ஒளியை அளந்து உள்ளே விடத் தெரிய வேண்டும். பத்தடி அகலமும் இருபதடி நீளமும் கொண்ட ஒரு ஷெட்டின் தரைப்பரப்பு 200 சதுர அடி, அதாவது 18.6 சதுர மீட்டர். அதில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 10 சதுர அடி அளவுக்குக் கூரையில் ஒளி புகும் பாலிகார்பனேட் சீட்டோ பைபர் சீட்டோ பதித்து, அது தன்மேல் விழும் ஒளியில் பாதியை உள்ளே விடுவதாகக் கொண்டால், மேகமூட்டமான பகலில் 4,600 லூமெனும், சுட்டெரிக்கும் பகலில் 46,000 லூமெனும் உள்ளே இறங்கும். பின்னது 20 வாட் எல்.இ.டி. பேட்டன்கள், அதாவது பட்டை வடிவக் குழல்விளக்குகள், இருபத்துமூன்று ஒருசேர எரிவதற்குச் சமம். இதற்கு மேல் பரப்பைக் கூட்டினால் மிகையாக வரும் வெளிச்சம் அத்தனையும் வெப்பமாகவே மாறும். சித்திரை மாதத்தில் தகரக் கூரையின் கீழ் அதன் விளைவை விளக்கத் தேவையில்லை. எனவே இருபதில் ஒரு பங்கு போதும். அதையும் ஒரே துண்டாக வைக்காமல் இரண்டு மூன்று இடங்களில் பிரித்து வைப்பதும், கண்ணாடிபோல் தெளிந்த சீட்டுக்குப் பதிலாக ஒளியைப் பரப்பித் தரும் பால்நிறச் சீட்டைத் தேர்வதும் முறை. ஓட்டுக் கூரையாக இருந்தால் முன்னோர் சமையலறைக்குப் பயன்படுத்திய கண்ணாடி ஓட்டையே ஆங்காங்கே பதிக்கலாம். பழைய கல்நார்ச் சீட்டாக இருந்தால் அதை அறுக்கவோ துளையிடவோ கூடாது. அதன் தூசியிலுள்ள இழைகள் நுரையீரலுக்குக் கேடு செய்வன என்பதால், ஒரு முழுச் சீட்டை நனைத்து, உடையாமல் கழற்றி, அந்த இடத்தில் ஒளி புகும் சீட்டைப் பொருத்துவதே பாதுகாப்பானது.

சன்னலின் திசையைத் தேர்வதிலும் இவ்வட்டாரத்துக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. நூற்பாலைகளின் கூரை ரம்பப் பற்கள்போல் மடிந்து, ஒவ்வொரு மடிப்பின் செங்குத்துப் பக்கமும் கண்ணாடியுடன் வடக்கு நோக்கி அமைந்திருப்பதைக் காணலாம். வடக்கு ஒளிக் கூரை எனப்படும் அந்த அமைப்பு இங்கிலாந்தின் ஆலைகளிலிருந்து வந்தது. அங்கே நண்பகல் சூரியன் ஒருநாளும் வடக்கே வருவதில்லை. உடுமலைப்பேட்டையிலோ ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் நேர் உச்சியைக் கடந்து வடக்கே சாய்ந்து, ஜூன் 21-ஐ ஒட்டி உச்சியிலிருந்து 13 பாகை அளவு வடக்கில் நின்று, ஆகஸ்ட் நான்காம் வாரத்தில்தான் மீண்டும் தெற்கே திரும்புகிறது. ஆகையால் இங்கே வடக்குச் சன்னலுக்கும் ஒரு சிறு வெயில் தடுப்புச் சாய்ப்பு வேண்டும். அதே மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து, இவ்வட்டாரத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் மேற்குக் காற்று, ஷெட்டின் மேற்குச் சன்னலைத் திறக்கவிடாமல் மண்ணை வாரி இறைக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நுண்ணிய வேலைக்கான மேசையை வடக்குச் சுவரோரம், சாய்ப்புடைய சன்னலின் அடியில் அமைப்பதே தக்க முடிவாகிறது.

3. விளக்கின் எண்ணிக்கையும் இடமும்

கோவை வட்டாரத்துக்குப் பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் 1932-இல் வந்து சேர்ந்த பிறகுதான் இங்கே ஆலைகளும் பட்டறைகளும் பெருகின. அக்காலம் தொட்டு விலையே வெளிச்சத்துக்குத் தடையாக இருந்துவந்தது. அந்தத் தடை இப்போது நீங்கிவிட்டது. நீல ஒளி உமிழும் எல்.இ.டி.யைக் கண்டறிந்த அகாசாகி, அமானோ, நாகாமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. 2015 ஜனவரி 5 அன்று இந்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்தின் மொத்தக் கொள்முதலால், 310 ரூபாயாக இருந்த எல்.இ.டி. பல்பின் கொள்முதல் விலை சில ஆண்டுகளிலேயே 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. இன்று ஒரு ஷெட் இருண்டு கிடந்தால் அதற்குப் பணமின்மையைவிடத் திட்டமின்மையே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

மேற்சொன்ன 200 சதுர அடி ஷெட்டையே மீண்டும் எடுத்துக்கொண்டு, பொது வெளிச்சமாக 300 லக்ஸ் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 18.6 சதுர மீட்டருக்கு 5,580 லூமென் மேசை மட்டத்தில் வந்து விழ வேண்டும். விளக்கு விடும் ஒளி முழுவதும் மேசைக்கு வருவதில்லை. ஒரு பங்கைச் சுவரும் கூரையும் விழுங்கிவிடுகின்றன. வெள்ளையடித்த ஷெட்டில் பாதி வந்து சேர்வதாகவும், விளக்கின்மேல் படியும் தூசியாலும் அதன் வயதாலும் ஐந்தில் ஒரு பங்கு குறைவதாகவும் கொண்டால், மொத்தத்தில் 40 விழுக்காடே பயன்படும்; ஆகவே வாங்க வேண்டியது ஏறத்தாழ 14,000 லூமென். 2,000 லூமென் தரும் நான்கடி பேட்டன்கள் ஏழு இதற்குப் போதும்.

அதே ஷெட்டின் சுவர் பூச்சோடு நின்று, புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிக் கறுத்திருந்தால், மேசைக்கு வந்து சேரும் பங்கு பாதியிலிருந்து மூன்றில் ஒன்றையொட்டிக் குறைந்து, பத்து பேட்டன்களேனும் தேவைப்பட்டுவிடும். புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் திருப்பி அனுப்புகிறது. வெறும் சிமெண்ட் பூச்சு கால் பங்கையே திருப்புகிறது. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது மீதமாகும் சுண்ணாம்பை ஷெட்டுக்குள்ளும் அடித்துவிடுபவர் மூன்று விளக்குகளின் வேலையை அதனிடமே வாங்கிக்கொள்கிறார்.

எண்ணிக்கையைக் காட்டிலும் இடம் முக்கியமானது. ஷெட்டின் நடுவில் ஒரே வரிசையாக விளக்கு மாட்டினால், சுவரோர மேசையில் குனிந்து வேலை செய்பவரின் முதுகுக்குப் பின்னால் விளக்கு நின்று, அவருடைய தலையின் நிழலே வைஸில் பிடித்த பொருளின்மீது விழும். இரண்டடி ஆழமுள்ள மேசைக்கு, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, மேசையின் நீளத்துக்கு இணையாகப் பேட்டனை ஓட்டினால், ஒளி தலைக்கு முன்புறமாக இறங்கி நிழல் பின்னே போய்விடும். ஆகவே ஏழு பேட்டனை எட்டாக்கி, இரு நீளச்சுவர்களையும் ஒட்டி வரிசைக்கு நான்காகப் பிரிப்பது இத்தகைய ஷெட்டுக்குப் பொருந்தும் ஏற்பாடு.

நுண்ணிய வேலைக்கு வேண்டிய 750 லக்ஸைப் பொது விளக்குகளைக் கூட்டிக்கொண்டே போய்ப் பெற முயல்வது வீண்செலவு. ஒளி பரவும் தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறைகிறது என்னும் விதியை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 9 வாட் எல்.இ.டி. பல்பு தரும் 900 லூமென் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுவதாகக் கொண்டால், மேசைக்கு மூன்று மீட்டர் மேலே தொங்கும்போது அதற்கு நேராகக் கிடைப்பது 8 லக்ஸ். அதே பல்பை அரை மீட்டருக்கு இறக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 290 லக்ஸ், அதாவது முப்பத்தாறு மடங்கு. அதன்மேல் ஒரு தகரக் குவிமூடியைப் பொருத்தினால், மேலே போகும் ஒளியில் பெரும்பகுதி கீழே திரும்பி அளவு இன்னும் கூடும். வளையும் கை கொண்ட மேசை விளக்கின் முழுப் பயனும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது. வலக்கைப் பழக்கமுடையவருக்கு அது இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும்; விளக்கின் எரியும் முகம் கண்ணுக்குத் தெரியாதபடி மூடி தாழ்ந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கூசொளி, அதாவது பார்வைக்குள் நேராகப் பாய்ந்து மற்றவற்றை மங்கச் செய்யும் ஒளி, கிடைத்த வெளிச்சத்தையும் வீணாக்கிவிடும்.

விளக்கின் உயரத்தைப் போலவே ஒளி விழும் கோணமும் வேலை செய்கிறது. இழைத்த தேக்குப் பலகையை நேர் மேலிருந்து வரும் ஒளியில் பார்த்தால் வழுவழுப்பாகத் தோன்றும். விளக்கைப் பலகையின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்தால், இழைப்புளி விட்டுச் சென்ற ஒவ்வொரு வரியும் தன் நிழலால் எழுந்து தெரியும். தறியில் பாவின்மீது சாய்வாக விழும் ஒளியில், அறுந்து தொய்ந்த இழை மற்ற இழைகளிலிருந்து தனித்துத் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

4. ஒளியின் தன்மை

விளக்கின் நிறச்சாயல் கெல்வின் என்னும் அளவால் குறிக்கப்படுகிறது. 2,700 கெல்வின் மஞ்சள் சாய்ந்த ஒளி. 6,500 கெல்வின் நீலம் சாய்ந்த வெண்மை. பட்டறைக்கு 4,000 முதல் 5,000 வரை உள்ள நடுநிலை வெண்மை நெடுநேர வேலைக்கு இதமானது. இதைவிடக் கவனிக்க வேண்டியது சி.ஆர்.ஐ. எனப்படும் நிறம் காட்டும் குறியீடு. ஒரு விளக்கின் ஒளியில் பொருள்களின் நிறம் எவ்வளவு இயல்பாகத் தெரிகிறது என்பதை 100-ஐ உச்சமாகக் கொண்டு அது அளக்கிறது. மூன்று பேஸ் மோட்டாரின் சிவப்பு, மஞ்சள், நீல ஒயர்களைப் பிரித்து இணைப்பவரும், சாய நூலின் வேறுபட்ட கண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பவரும் 80-க்குக் குறைந்த விளக்கைத் தவிர்க்க வேண்டும்; சாய ஒப்பீடே தொழிலானவர் 90-க்கு மேற்பட்டதைத் தேடி வாங்க வேண்டும்.

சுழலும் இயந்திரம் இருக்குமிடத்தில் எல்லாவற்றிலும் ஆபத்தானது ஒளித் துடிப்பு. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று மாறுவதால், மலிவான எல்.இ.டி.யும் பழைய சோக் டியூப்லைட்டும் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன; கண் அதை உணர்வதில்லை. லேத்தின் நான்கு தாடைச் சக் நிமிடத்துக்கு 1,500 சுற்று, அதாவது விநாடிக்கு 25 சுற்று சுழல்கிறது என்று கொள்வோம். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே அது சரியாகக் கால் சுற்றுச் சுற்றுகிறது. ஒரு தாடை இருந்த இடத்தில் அடுத்த தாடை வந்து நிற்கிறது. விளைவாக, ஓடும் சக் நின்றுபோனதாகக் கண்ணுக்குத் தோற்றமளிக்கும். இயந்திரச் சத்தம் நிறைந்த ஷெட்டில் அந்தத் தோற்றத்தை நம்பிக் கையை நீட்டுபவரின் விரல்களுக்கு நேரக்கூடியதை விவரிக்க வேண்டியதில்லை. மூன்று பேஸ் இணைப்புள்ள இடங்களில் அடுத்தடுத்த டியூப்லைட்டுகளை வெவ்வேறு பேஸில் மாட்டித் துடிப்புகளைக் கலைப்பது பழைய எலக்ட்ரீஷியன்கள் அறிந்த தீர்வு. இன்று மின்னோட்டத்தைச் சீராக்கித் தரும் நல்ல டிரைவர் உள்ள எல்.இ.டி.யை வாங்குவதே எளிது. கடையிலேயே சோதித்துப் பார்க்கவும் வழியுண்டு: எரியும் விளக்கின் அடியில் ஒரு மெல்லிய வெள்ளைக் குச்சியை விரைவாக வீசிப் பார்த்தால், சீரான ஒளியில் அது மங்கிய விசிறிபோல் பரவித் தெரியும், துடிக்கும் ஒளியில் தனித்தனிக் குச்சிகளாக உடைந்து தெரியும்.

5. பாதுகாப்பும் பராமரிப்பும்

பஞ்சுத் தூசும் மரத்தூளும் பறக்கும் ஷெட்டில் திறந்த பேட்டன் ஏற்றதன்று. ஐ.பி. 65 என்று குறிக்கப்பட்ட மூடிய பேட்டனில் முதல் எண்ணாகிய 6 தூசு உட்புகாமையையும், இரண்டாம் எண்ணாகிய 5 பீய்ச்சும் நீரைத் தாங்கும் திறனையும் குறிக்கும். காற்றுக் காலத்து மண்ணுக்கும் ஐப்பசி மழைச் சாரலுக்கும் அது ஈடுகொடுக்கும். கிராமத்து மின்தொடரில் வோல்ட்டேஜ் இறங்கி ஏறுவது வழக்கம் என்பதால், அகன்ற வோல்ட்டேஜ் எல்லையைத் தாங்குவதாக உறையில் அச்சிடப்பட்ட டிரைவரைத் தேர்வது நலம்.

விளக்குகளுக்கும் இயந்திரங்களுக்கும் தனித்தனி மின்சுற்று இருக்க வேண்டும். இயந்திரம் பழுதாகி, மின்சுற்றைத் துண்டிக்கும் எம்.சி.பி. விழும்போது விளக்கும் சேர்ந்து அணைந்தால், ஓடிக்கொண்டிருக்கும் கிரைண்டர் கல் இருட்டில் தானாக நிற்கும்வரை அதன் அருகே மனிதர் குருடராய் நிற்க நேரும். மின்வெட்டிலும் இதே நிலைதான். வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒரே ஒரு விளக்குக்கேனும் ஷெட்டுக்கு இணைப்பு இழுத்து, அதை வாசலுக்கும் இயந்திரத்துக்கும் இடைப்பட்ட வழியின்மேல் மாட்டுவது பெரும் விபத்துகளைத் தடுக்கும். ஷெட்டின் இணைப்புக்கு முறையான எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம் வேண்டும். கையில் ஏந்தித் திரியும் விளக்கு 24 வோல்ட்டில் எரிவதாகவோ, சார்ஜ் செய்யும் பேட்டரி விளக்காகவோ இருப்பது நல்லது. தொட்டி போன்ற அடைபட்ட இடங்களுக்குள் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கைத் தக்க பாதுகாப்பின்றிக் கொண்டுசெல்லத் தொழிற்சாலைச் சட்டமும் தடை விதித்தது.

எத்தனை கணக்கிட்டு மாட்டினாலும், துடைக்காத விளக்கு ஆண்டுக்கு ஆண்டு மங்கிக்கொண்டே போகும். அந்த இறக்கம் மெல்ல நிகழ்வதால் வேலை செய்பவர் அதை உணராமலே கண்ணை இடுக்கிப் பழகிவிடுகிறார். கொங்கு வட்டாரத்தில் ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் லேத்தும் தறியும் ஸ்பேனரும் ஒன்று விடாமல் கழுவித் துடைக்கப்படுகின்றன. அன்றைக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஏணி போட்டு ஏறி, பேட்டன்களையும் கூரையின் ஒளிச்சீட்டையும் சேர்த்துத் துடைப்பது வழக்கமானால் ஒரு முறையும், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது மறு முறையுமாகப் பராமரிப்பு தானே நடந்துவிடும்.

தொகுத்துச் சொன்னால், வீட்டுப் பட்டறைக்கு விளக்கு வாங்கப் புறப்படுபவர் கடைக்குப் போகுமுன் தம் ஷெட்டில் மாலை ஆறரை மணிக்கு நின்று, எந்த மேசையில் யார், என்ன வயதில், எவ்வளவு நுண்ணிய வேலையைச் செய்கிறார் என்று எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு சூரியன் எங்கே உதவும், சுவர் எவ்வளவு திருப்பும், நிழல் எங்கே விழும், எது சுழல்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு விடை காண வேண்டும். இந்தக் கேள்விகளுக்குப் பின் எழுதப்படும் பட்டியல், எட்டு பேட்டன், இரண்டு மேசை விளக்கு, ஓர் இன்வெர்ட்டர் இணைப்பு, இரண்டு வாளிச் சுண்ணாம்பு என்ற அளவில் முடிந்துவிடும். ஓர் இயந்திரத்தின் விலையில் சிறு பங்குக்குள் அடங்கும் இச்செலவு, வேலையின் தரத்தையும், அந்த ஷெட்டில் நாள் முழுதும் நிற்கும் குடும்பத்தாரின் கண்ணையும் விரலையும் காக்கிறது. எந்தச் சட்டமும் வந்து கேட்காத இடத்தில் இதைச் செய்வது அந்தக் குடும்பத் தலைவருக்கும் தலைவிக்கும் உரிய கடமை. அதைச் செய்ய வேண்டிய அறிவும் வசதியும் இன்று உடுமலைப்பேட்டையின் எந்தத் தெருவிலும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன.